ஏடன் ஏன் இத்தனை முறை எரிந்தது?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் சித்தி ஏடனில் நர்ஸாக இருந்தார். 2015இல் சண்டை மூண்டபோது நம் கடற்படைக் கப்பலில் ஏறித் தப்பி வந்தார். வெள்ளைக்காரன் இருந்தவரை அந்த ஊர் சொர்க்கம் மாதிரி இருந்ததாம். அவன் போனதும் இவர்களே அடித்துக்கொண்டு நாசமாக்கிவிட்டார்களாம். அங்கே இருக்கிற வயசானவர்களே அப்படித்தான் சொல்வார்களாம். இது சரியா? சித்தி மறுபடியும் போகப் பார்க்கிறார், போகலாமா?"

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். ஏடன் என்பது ஏமன் நாட்டின் தென்கரைத் துறைமுக நகரம். முதல் கேள்விக்கு என் பதில் இது. வயசானவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. வெள்ளைக்காரன் ஆண்டது ஏடன் துறைமுகத்தை மட்டும். அதற்குப் பின்னால் கிடந்த மலைநாட்டை அவன் ஆளவில்லை. காசும் துப்பாக்கியும் கொடுத்து வாயை அடைத்து வைத்திருந்தான். அவன் போன பிறகு ஏடனைப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பின்புறத்திலிருந்து வந்தவர்கள். 1967, 1986, 1994, 2015, 2019 என்று வரிசையாகப் பார்த்தால் கொடி மாறும், கட்சிப் பெயர் மாறும், கொள்கை தலைகீழாகக்கூட மாறும். மோதிக்கொள்கிற மாவட்டங்கள் மட்டும் பெரும்பாலும் அதேதான்.

ஊரின் கிடப்பு தெரியாமல் இது விளங்காது. ஏடன் அணைந்துபோன எரிமலை ஒன்றின்மேல் இருக்கிறது. பழைய ஊரான கிரேட்டர் அந்த எரிமலையின் வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நம் சேலத்தைச் சுற்றிச் சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை எல்லாம் தள்ளித் தள்ளி நிற்கின்றன அல்லவா? அவற்றை இழுத்து வந்து செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களோடு ஒட்டவைத்து, மரம் செடி அத்தனையையும் உரித்துவிட்டால் கிரேட்டர் கிடைத்துவிடும். இந்தப் பாறைத் தீபகற்பத்தை நிலத்தோடு இணைப்பது கோர்மக்சர் என்கிற குறுகிய மணல்வெளி. விமான நிலையம் அங்கேதான். மேற்குப் பக்கம் தவாஹி, மாலா. பெரிய கப்பல்கள் நிற்கிற துறைமுகம் அங்கே. கோர்மக்சரைத் தாண்டி நிலப்பக்கம் போனால் ஷேக் உஸ்மான், அதற்கும் அப்பால் லஹெஜ்.

பாறைக்குள் குடிநீர் போதாது. மழை பெய்தால் ஒரு சொட்டும் வீணாகாமல் பிடிக்க மலையில் குடைந்த பழங்காலத் தொட்டிகள் இன்றும் கிரேட்டருக்கு மேலே இருக்கின்றன. தண்ணீர், காய்கறி, ஒட்டகத் தீவனம் எல்லாமே லஹெஜிலிருந்தும் அப்யனிலிருந்தும் வந்தாக வேண்டும். பின்னால் இருப்பவன் பகைத்துக்கொண்டால் ஊருக்குத் தாகம். ஊர் கதவைச் சாத்திக்கொண்டால் பின்னால் இருப்பவனுக்குக் காசு கிடையாது. இந்தப் பிணைப்பை யார் எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் ஏடனின் வரலாறு.

பழைய காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். கிரேக்க மாலுமிகளின் கையேட்டிலேயே இந்தத் துறைமுகம் வருகிறது. இந்தியக் கப்பலும் எகிப்துக் கப்பலும் சந்தித்துச் சரக்கு மாற்றிய இடம். 14ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா, கொல்லத்திலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் பெரிய கப்பல்கள் இங்கே வருவதை எழுதியிருக்கிறார். 1513இல் போர்த்துகீசிய அல்புகெர்க் ஏணி வைத்து மதிலேறிப் பார்த்துத் தோற்றுப்போனார். 1538இல் துருக்கிக் கடற்படை குஜராத்துக்குப் போகிற வழியில் நட்பாக வந்து, உள்ளூர் ஆட்சியாளரைக் கப்பலுக்கு விருந்துக்கு அழைத்துத் தூக்கில் போட்டு ஊரை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு ஏடன் மெல்லத் தேய்ந்தது. வணிகம் செங்கடலுக்குள் இருக்கிற மோக்காவுக்குப் போனது.

மோக்கா என்றதும் சேர்வராயன் மலையில் இருக்கிறவனால் சும்மா தாண்டிப் போக முடியாது. உலகம் குடித்த காப்பியில் பெரும்பகுதி ஒரு காலத்தில் அந்தத் துறைமுகம் வழியாக வந்ததுதான். பாபா புதான் ஏழு விதையை மடியில் மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்று ஒரு கதை உண்டு. எண்ணிக்கை எப்படியோ, செடி வந்தது அந்தப் பக்கத்திலிருந்து. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி போட்ட நேரத்தில், டச்சுக்காரர்கள் ஜாவாவில் வளர்த்த காப்பி ஏற்கெனவே மோக்காவின் முதுகெலும்பை உடைத்திருந்தது. மிச்சம் இருந்ததை ஏடன் எடுத்துக்கொண்டது. 1850இல் ஏடனைச் சுங்கமில்லாத் துறைமுகம் என்று பிரிட்டிஷார் அறிவித்ததும் ஏமன் மலைக் காப்பி மூட்டைகள் அங்கே இறங்க ஆரம்பித்தன. மோக்கா மீன்பிடி ஊராகிவிட்டது.

பிரிட்டிஷார் அங்கே எப்படி வந்தார்கள்? கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நீராவிக் கப்பல் புதுசு. பம்பாயிலிருந்து சூயஸ் வரை ஒரே மூச்சில் போக நிலக்கரி போதாது. நடுவில் கரி குவித்து வைக்க ஓர் இடம் தேவை. எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி ஏமனுக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தது இன்னொரு கவலை. அந்த நேரத்தில், 1837இல், சென்னையைச் சேர்ந்த 'தரியா தௌலத்' என்ற கப்பல் ஏடன் அருகே தரைதட்டியது. அதில் ஹஜ் பயணிகள் இருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் கப்பலைக் கொள்ளையடித்துப் பயணிகளை அவமானப்படுத்தினார்கள். பம்பாய் அரசாங்கத்துக்குத் தேடிய சாக்கு கிடைத்தது. கேப்டன் ஹெயின்ஸ் என்ற கடற்படை அதிகாரி போய் லஹெஜ் சுல்தானிடம் நஷ்டஈட்டோடு சேர்த்து ஊரையே விலை பேசினார். சுல்தான் சரி என்றார், மகன் மறுத்தார். 1839 ஜனவரி 19 அன்று பீரங்கிக் கப்பல்களும் பம்பாய்ப் படையும் வந்து ஊரைப் பிடித்தன. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த பிறகு பிரிட்டன் சேர்த்த முதல் நிலம் இதுதான். அப்போது ஏடனில் குடியிருந்தது சில நூறு பேர்.

ஹெயின்ஸின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. 15 ஆண்டுகள் அவரே ஏடன். ஊரைக் கட்டினார், யூதரையும் இந்தியரையும் சோமாலியரையும் வரவழைத்தார், சுற்றியிருந்த இனக்குழுத் தலைவர்களை ஒற்றர் வைத்தும் பணம் கொடுத்தும் பிரித்து வைத்தார். கணக்கு எழுத மட்டும் அவருக்கு வரவில்லை. கணக்கர் வேண்டும் என்று கேட்டும் பம்பாய் கொடுக்கவில்லை. 1854இல் தணிக்கை செய்தபோது கஜானாவில் பெரிய தொகை குறைந்தது. பம்பாயில் மோசடி வழக்கு நடந்து விடுதலையானார். ஆனாலும் அந்தப் பணம் கடன் என்று சொல்லிக் கடன்காரச் சிறையில் போட்டார்கள். 1860இல் வெளியே விட்ட சில நாளிலேயே இறந்துபோனார். பிரித்து வைக்கிற அவருடைய வேலைமுறை மட்டும் 128 வருஷம் நிலைத்தது.

சேலத்துக்காரர்கள் ஒரு ஒப்பீட்டைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு இடத்திலும் வந்தது ஒரே கம்பெனி. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கைக்கு வந்ததும் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்தார்கள். வரி போட்டார்கள், கசக்கிப் பிழிந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அளந்த கையோடு தாலுகா, கச்சேரி, கோர்ட் எல்லாம் வந்தன. மலைமேல் இருப்பவனும் கீழே இருப்பவனும் ஒரே கலெக்டருக்கு மனுக் கொடுக்கிற நிலை வந்தது. ஏடனில் நிலம் வரி தராது. பாறைக்கும் மணலுக்கும் என்ன கிஸ்தி? அதனால் யாரும் அளக்கவில்லை. லஹெஜ், அவ்லகி, யாஃபா, தாலே என்று ஒவ்வொரு சுல்தானோடும் ஷேக்கோடும் தனித்தனி ஒப்பந்தம், ஆண்டுப்பணம், தலைவர் ஊருக்குள் வந்தால் பீரங்கி மரியாதை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நீதிமன்றமும் பாறையோடு நின்றுவிட்டன. ஏடனில் மின்விளக்கு எரிந்த காலத்தில் சில மணிநேரப் பயண தூரத்தில் பழிக்குப் பழி கொலைகளே சட்டமாக இருந்தன. 1915இல் துருக்கியர் லஹெஜைப் பிடித்துக்கொண்டு யுத்தம் முடிகிறவரை அங்கேயே இருந்தார்கள். பிரிட்டிஷாரும் ஊரைக் காப்பாற்றிக்கொண்டு அதோடு இருந்துவிட்டார்கள். அவர்களுடைய அக்கறை எதுவரை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஏடனுக்கு யோகம் அடித்தது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே போகிற கப்பலெல்லாம் கரிக்கும், பிறகு எண்ணெய்க்கும் அங்கே நின்றன. நிர்வாகம் முழுக்க இந்தியாவிலிருந்து நடந்தது: 1932 வரை பம்பாய், பிறகு ஐந்து வருஷம் டெல்லி. இந்தியத் தண்டனைச் சட்டம், இந்திய ரூபாய், குமாஸ்தா வேலைக்கு இந்தியர்கள். கவாஸ்ஜி தின்ஷா என்ற பார்சிக் குடும்பத்தின் கம்பெனி துறைமுகத்தில் பெரிய கை. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்குப் போகிற வழியில் காந்தி அங்கே இறங்கிப் பேசினார். 1937 ஏப்ரல் 1 அன்று ஏடனை இந்தியாவிலிருந்து பிரித்து லண்டனின் நேரடிக் காலனியாக்கினார்கள். இந்தியத் தரப்பில் அதற்கு எதிர்ப்பு இருந்தது. நம்மவர்கள் அங்கே வெறும் பார்வையாளர்கள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஊரைப் பிடித்த படையிலும் நம் சிப்பாய்கள், அதை ஆண்ட காகிதத்திலும் நம் கையெழுத்து. திருபாய் அம்பானி வாலிப வயதில் வேலை கற்றது ஏடனில் ஏ. பெஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் கம்பெனியில்தான்.

உங்கள் சித்தியிடம் வயசானவர்கள் சொன்ன சொர்க்கம் 1950கள். 1954இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது, அதே ஆண்டு எலிசபெத் ராணி வந்து போனார். மாலாவில் பிரிட்டிஷ் குடும்பங்களுக்காக நீண்ட சாலையின் இருபுறமும் அடுக்குமாடிகள் எழுந்தன. பத்தாண்டின் கடைசியில், நியூயார்க்குக்கு அடுத்தபடி அதிகக் கப்பல் வந்து போகிற துறைமுகம் என்று பெயர். சினிமாக் கொட்டகை, வரியில்லாத கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர் எல்லாம் உண்டு. இதை நேரில் கண்டவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வதில் வியப்பில்லை.

ஆனால் விரிசல் முன்பே தெரிந்துவிட்டது. 1947 டிசம்பரில், பாலஸ்தீனத்தைப் பிரிக்க ஐ.நா. வாக்களித்த கையோடு, கிரேட்டரில் யூதர்கள்மேல் வன்முறை வெடித்தது. சுமார் 80 யூதர்கள் செத்தார்கள். கலவரத்தை அடக்க உள்நாட்டு இனக்குழுக்களிலிருந்து ஆள் எடுத்த படையை அனுப்பினார்கள். அந்தப் படையின் குண்டுக்கே பலர் பலியானார்கள். நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்த யூதச் சமூகம் அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய முழுசாகக் கிளம்பிப்போனது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பகுதி வடக்கு ஏமன்காரர்கள். ஊர் அவர்கள் முதுகில் ஓடியது, ஆனால் அவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. 1956இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பு உருவாகி வேலைநிறுத்தம் அடிக்கடி நடந்தது. எகிப்தின் நாசர் பேசுவதை வானொலியில் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் அவர்கள். 1959 தேர்தலைச் சங்கம் புறக்கணித்தது. பிரிட்டிஷார் இதற்குக் கண்ட மருந்து நோயைவிட மோசம்: இத்தனை காலம் ஊரிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த சுல்தான்களைக் கூட்டாட்சி என்று ஒன்றாகக் கட்டி, அதற்குள் ஏடனையும் தள்ளினார்கள். நகரத்துத் தொழிலாளியை இனக்குழுத் தலைவரின் கீழே வைக்கிற ஏற்பாடு. 1962 செப்டம்பரில் ஏடன் சட்டமன்றத்தில் இதை நிறைவேற்றிய அதே வாரத்தில் வடக்கு ஏமன் தலைநகர் சனாவில் இமாமின் முடியாட்சி கவிழ்ந்து குடியரசு வந்துவிட்டது. பக்கத்து நாட்டில் மன்னர் போகிறார், இங்கே பல மன்னர்கள் வருகிறார்கள். யார் ஒத்துக்கொள்வார்கள்?

எழுச்சி தொடங்கியது ஊரில் இல்லை. 1963 அக்டோபர் 14 அன்று, தாலே போகிற சாலையோர மலையான ரத்ஃபானில். அந்த மலைவாசிகள் தலைமுறை தலைமுறையாகச் சாலையில் சுங்கம் வாங்கிப் பிழைத்தவர்கள். கூட்டாட்சி வந்ததும் அந்த வருமானம் போனது. அதோடு வடக்கிலிருந்து துப்பாக்கியும் கிடைத்தது. டிசம்பர் 10 அன்று ஏடன் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர்மேல் கையெறி குண்டு விழுந்தது, அவசரநிலை வந்தது. அடுத்த நாலு வருஷம் கிரேட்டர், ஷேக் உஸ்மான் சந்துகளில் குண்டும் கைதும் சித்திரவதையும்.

விடுதலைக்காகப் போராடிய இயக்கங்கள் இரண்டு. நகரத்துத் தொழிற்சங்கத் தலைவர் அஸ்னஜ் போன்றவர்களும் எகிப்தும் ஒரு பக்கம். மலைநாட்டு இளைஞர்களும் கூட்டாட்சி ராணுவத்துக்குள்ளிருந்த அவர்கள் சொந்தக்காரர்களும் அடங்கிய தேசிய விடுதலை முன்னணி மறுபக்கம். வெள்ளைக்காரனைச் சுட்ட அளவுக்கு ஒருவரை ஒருவரும் சுட்டுக்கொண்டார்கள். 1966 பிப்ரவரியில் லண்டன், 1968க்குள் கிளம்பிவிடுவோம், பாதுகாப்பு ஒப்பந்தமும் கிடையாது என்று சொல்லிவிட்டது. அதுவரை நம்பிக் கூடவே இருந்த சுல்தான்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

1967 ஜூன் மாதம்தான் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. ஜூன் 5 அன்று இஸ்ரேல் போரில் சூயஸ் கால்வாய் மூடியது. கப்பல் வரத்து நின்றது. எட்டு வருஷம் அது திறக்கவே இல்லை. ஊரின் சோற்றில் மண் விழுந்தது அந்த நாளில். விடுதலைக்குப் பிறகு துறைமுகம் படுத்ததற்குப் புதிய ஆட்சியின் கொள்கையை மட்டும் குறை சொல்கிறவர்கள் இந்த ஒரு தேதியை மறந்துவிடுகிறார்கள். ஜூன் 20 அன்று உள்ளூர் ராணுவத்தில் கலகம். அவ்லகிக்காரர் ஒருவரைத் தளபதியாக்கியதை மற்ற மாவட்ட அதிகாரிகள் எதிர்த்ததில் கிளம்பிய பிணக்கு அது. வதந்தி பரவிக் கிரேட்டர் போலீஸாரே பிரிட்டிஷ் ரோந்தைச் சுட்டார்கள். அன்று ஒரே நாளில் 20க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் செத்தார்கள். இரண்டு வாரம் கிரேட்டர் போராளிகள் கையில் இருந்தது. ஜூலை 3 இரவு கர்னல் மிச்செல் என்பவர் ஸ்காட்லாந்துப் பைக்குழல் ஊதிக்கொண்டு படையோடு உள்ளே போய்த் திரும்பப் பிடித்தார். லண்டன் பத்திரிகைகள் கொண்டாடின. ஐந்து மாதத்தில், நவம்பர் 30 அன்று, காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். சாவியை வாங்கியது மலைநாட்டு முன்னணி. நகரத்துத் தலைவர்கள் தோற்று நாடு கடந்தார்கள்.

அரபு உலகில் மார்க்சியத்தை அரசுக் கொள்கையாக வைத்த ஒரே நாடு, ஏடனும் அந்த மலைநாடும் சேர்ந்து உருவான இந்தத் தென் ஏமன். எங்கள் பக்கத்துத் தோழர்கள் சிலர் அதைப் புகழ்ந்து பேசிக் கேட்டிருக்கிறேன். முழுக்கப் பொய் என்று தள்ள மாட்டேன். பெண்கள் படித்தார்கள், நீதிபதி ஆனார்கள். 1974 குடும்பச் சட்டம் பலதார மணத்துக்குக் கடிவாளம் போட்டது. கிராமத்துக்கு முதல்முறையாகப் பள்ளிக்கூடம் போனது. வெள்ளைக்காரன் செய்யாத அந்த இணைப்பை இவர்கள் செய்யப் பார்த்தார்கள். சுல்தான்களின் பழைய நாட்டுப் பெயர்களையே ஒழித்து மாகாணங்களுக்கு எண் போட்டார்கள்: ஒன்று ஏடன், இரண்டு லஹெஜ், மூன்று அப்யன், நாலு ஷப்வா. மறுபக்கம் 1969இல் வங்கி, கம்பெனி எல்லாம் அரசுடைமை. வியாபாரிகள் கிளம்பினார்கள். பார்சிக் கோயிலில் எரிந்த தீயை 1976இல் விமானத்தில் ஏற்றி லோனாவாலாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மாற்றுக் கருத்துக்காரன் சிறைக்குப் போனான் அல்லது காணாமல் போனான். 1978இல் பதவியிலிருந்த ஜனாதிபதி சலீம் ருபை அலியையே அவர் தோழர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

1986 ஜனவரி 13க்கு வருகிறேன். இதற்கு யாரும் வெள்ளைக்காரனைக் காரணம் காட்ட முடியாது. அன்று காலை ஆளும் கட்சியின் அரசியல் குழுக் கூட்டம். தலைவர் அலி நாசர் முகமது வரவில்லை. அவர் மெய்க்காவலர்கள் வந்தார்கள், வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைச் சுட்டார்கள். ரத்ஃபான் காலத்துப் போராளி அலி அந்தர் அங்கேயே இறந்தார். தப்பியவர்கள் வெளியே போய்ப் படையைத் திரட்ட, ஏடன் தெருக்களில் டாங்கி ஓடியது. அலி நாசர் அப்யன்காரர். அவர் பக்கம் அப்யனும் ஷப்வாவும். எதிர்ப்பக்கம் தாலேவும் லஹெஜும் யாஃபாவும். எண் போட்ட மாகாணமெல்லாம் ஒரே காலையில் பழைய பெயருக்குத் திரும்பின. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த ஊரைப் பார்த்துச் சுட்டார்கள். இரண்டே வாரத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அந்த வழியாக ஆஸ்திரேலியா பக்கம் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ராணியின் சொந்தக் கப்பல் 'பிரிட்டானியா' கரைக்கு வந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவரை ஏற்றிப்போனது. தோற்ற அலி நாசர் தம் பக்கத்துப் படையோடு வடக்கே ஓடினார். கூட ஓடிய அதிகாரிகளில் ஒருவர் அப்து ரப்பு மன்சூர் ஹாதி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

தலைமையை இழந்து, சோவியத் உதவியும் வற்றிய தெற்கு 1990 மே 22இல் வடக்கோடு இணைந்தது. நாலு வருஷத்தில் கசந்தது. 1994 மே மாதம் போர். தெற்கு மறுபடி தனிநாடு என்று அறிவித்தது. ஜூலை 7 அன்று வடக்குப் படை ஏடனுக்குள் நுழைந்தது. அந்தப் படையின் பாதுகாப்பு அமைச்சர் யார்? 1986இல் ஓடிய அதே ஹாதி. அவரோடு சேர்ந்து திரும்பி வந்தவர்கள் எட்டு வருஷத்துக்கு முன் ஏடனில் தோற்ற அப்யன்காரர்கள். ஊர் சூறையாடப்பட்டது. வடக்கோடு வந்த தீவிரவாதிகள் ஸீரா பீர் ஆலையை இடித்தார்கள். தெற்கு ராணுவத்தினரையும் அரசு ஊழியர்களையும் கட்டாய ஓய்வில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2007இல் அந்த ஓய்வு பெற்ற அதிகாரிகள் ஓய்வூதியம் கேட்டுத் தெருவுக்கு வந்ததில்தான் தெற்குப் பிரிவினை இயக்கம் மறுபடி முளைத்தது. நடுவில் 2000 அக்டோபர் 12 அன்று ஏடன் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் 'கோல்'மேல் வெடிப்படகு மோதி 17 மாலுமிகள் இறந்தார்கள். ஓரளவு திரும்பி வந்த கப்பல்களும் காப்பீட்டுச் செலவுக்குப் பயந்து விலகின.

இனி உங்கள் சித்தி பார்த்த காலம். வடக்கு ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் சனாவைப் பிடிக்க, அப்போது ஜனாதிபதியாக இருந்த ஹாதி 2015 பிப்ரவரியில் ஏடனுக்குத் தப்பி வந்தார். மார்ச் கடைசியில் ஹூதிகளும் பழைய ஜனாதிபதி சாலேயின் படையும் பின்னாலேயே வந்தார்கள். மார்ச் 26 அன்று சவூதி விமானத் தாக்குதல் தொடங்கியது. கோர்மக்சர் மணல்வெளியும் விமான நிலையமும் போர்முனை ஆகிவிட்டதால் வான்வழி இல்லை, கடல் ஒன்றுதான் மிச்சம். மார்ச் 31 அன்று 'ஐ.என்.எஸ். சுமித்ரா' ஏடனுக்குள் போய் 300க்கு மேற்பட்டவர்களை ஏற்றி எதிர்க்கரையான ஜிபூட்டியில் இறக்கியது. அங்கிருந்து விமானப்படை கொச்சிக்கும் மும்பைக்கும் கொண்டுவந்தது. 'ராகத்' என்று பெயரிட்ட அந்த நடவடிக்கையில் ஏமன் முழுவதிலுமிருந்து 4,600க்கு மேற்பட்ட இந்தியர்களும் 900க்கு மேற்பட்ட வெளிநாட்டவரும் மீண்டார்கள். நர்ஸ்கள் அதில் ஏராளம்.

ஜூலையில் எமிரேட்ஸ் துணையோடு உள்ளூர்ப் போராளிகள் ஏடனை மீட்டார்கள். மீட்ட பிறகு அமைதி வந்ததா என்றால், 2016 மார்ச் 4 அன்று அன்னை தெரசா சபையின் முதியோர் இல்லத்தில் துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் நான்கு கன்னியாஸ்திரிகள் உட்பட 16 பேரைக் கொன்று, கேரளத்துப் பாதிரியார் டாம் உழுன்னாலிலைக் கடத்திப் போனார்கள். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அவர் மீண்டார். 2019 ஆகஸ்டில், ஹூதிக்கு எதிராக ஒரே பக்கம் நின்றவர்களே ஏடனுக்குள் மோதிக்கொண்டார்கள். ஒரு பக்கம் எமிரேட்ஸ் ஆதரித்த தெற்கு இடைக்கால மன்றம். அதன் தலைவர் சுபைதி தாலேக்காரர், அவர் படையில் பெரும்பாலோர் தாலே, யாஃபா, லஹெஜ் ஆட்கள். மறுபக்கம் அப்யன்காரரான ஹாதியின் படை. 1986இன் வரைபடத்தை எடுத்து இதன்மேல் வைத்தால் கோடுகள் அப்படியே பொருந்தும். சவூதி ஆயுதம், எமிரேட்ஸ் பணம், ஈரான் ஏவுகணை எல்லாம் நிஜம்தான். ஆனால் வெளியே இருந்து வந்த காசு ஏற்கெனவே இருந்த பிளவுக்குள்தான் இறங்கியது. 2022 ஏப்ரலில் ஹாதி விலகி எட்டுப் பேர் கொண்ட தலைமைக் குழுவிடம் அதிகாரத்தைக் கொடுத்தார். அப்போது அதில் சுபைதியும் ஓர் உறுப்பினராக இருந்தார்.

அதன் பிறகும் ஏடனில் மின்சாரம் நாளில் சில மணிநேரம்தான் இருந்தது, கோடையில் அதற்காகவே மக்கள் தெருவுக்கு வந்தார்கள், சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. 1950களை நினைத்து அங்குள்ள முதியவர் பெருமூச்சு விட்டால் நான் மறுத்துப் பேசமாட்டேன். அவர் அந்த ஊருக்குள் இருந்தார். ரத்ஃபான் மலையிலோ அப்யன் வயலிலோ பிறந்த அதே வயதுக்காரரிடம் 1950கள் எப்படி என்று கேட்டால் வேறு பதில் வரும்.

இப்போது சித்தி விஷயம். 2017இலிருந்து இந்தியக் குடிமக்கள் ஏமன் போக நம் அரசு தடை போட்டிருக்கிறது. தனி அனுமதி இல்லாமல் போனால் பாஸ்போர்ட்டே சிக்கலாகும். ஓமன் வழியாக, ஜிபூட்டி வழியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் பணம் கட்ட வேண்டாம். பழைய ஆஸ்பத்திரியிலிருந்து சம்பள பாக்கியோ அனுபவச் சான்றிதழோ வர வேண்டியிருந்தால் அதற்காக நேரில் போக வேண்டியதில்லை. ஏமனுக்கான தூதரக வேலையை இந்தியா ஏமனுக்கு வெளியிலிருந்துதான் பார்க்கிறது. எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதை வெளியுறவு அமைச்சகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேலை ஒப்பந்தத்தின் நகலோடு மனு அனுப்பச் சொல்லுங்கள். வளைகுடாவில்தான் வேலை என்றால் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான முகவர் மூலம் மட்டும் பாருங்கள் தம்பி.